"இந்த வயசுல என்னத்துக்கு இந்த மினுக்கு?": அறுபதைத் தொட்ட பெண்களும் அலங்காரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டியில் 1994-இல் என் வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் போட்டு பார்லர் ஆரம்பித்தேன். அப்போது திரெடிங்குக்கு வந்த கல்லூரிப் பெண்கள் பலர் இன்று பாட்டியாகிவிட்டார்கள். எனக்கும் 62 ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்து தயங்கித் தயங்கி அவர்கள் கேட்ட கேள்விகளையும், நான் தோல் மருத்துவர்களிடம் கேட்டும் கைப்பட்டும் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேரன் பேத்தி எடுத்தாச்சு. இனிமேல் மேக்கப் போடலாமா?

போடலாம்.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் யாருக்கும் அந்த ஒற்றைச் சொல் போதாது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஓர் அம்மா, அறுபத்து நான்கு வயது, செவ்வாய்க்கிழமை மத்தியானம் பார்த்துத்தான் வருவார். அன்றைக்கு அந்த நேரத்தில் கடையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே வந்து, "யாரும் இல்லைல்லா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். மோவாயில் நாலு முடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரம்பு பிடித்த கை அது. அதே கை அந்த நாலு முடிக்காக நடுங்குவதைப் பார்த்தபிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

"மினுக்கி" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்தே நம் பெண்கள் பலர் ஐம்பதில் கண்ணாடியை விட்டு விலகிவிடுகிறார்கள். அதே வீட்டில் தாத்தா மீசைக்கு டை அடிக்கிறார். அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

வயசானால் எளிமையாக இருப்பதுதானே நம் பண்பாடு? ஔவையார் பவுடரா பூசினார்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் சொந்த அத்தை. பல நாள் யோசித்துத்தான் அவருக்குப் பதில் சொன்னேன்.

தமிழர் மனதில் மூதாட்டி என்றால் ஔவைதான். நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, கையில் கோல். ஆனால் வழிவழியாகச் சொல்லப்படும் கதையில் ஔவை காலம் போய்க் கிழவியானவர் அல்லர். கல்யாணப் பேச்சு நெருக்கியபோது பிள்ளையாரிடம் வேண்டி, இளமையைத் தானே கொடுத்துவிட்டு முதுமையை வாங்கிக்கொண்டவர். காரைக்கால் அம்மையாரும் அப்படித்தான். கணவன் விலகிப் போனபின், அவனுக்காகத் தாங்கிய இந்தத் தசைப்பொதி இனி எனக்கு வேண்டாம் என்று சிவனிடம் கேட்டுப் பேய் வடிவம் பெற்றார் என்கிறது பெரியபுராணம். சோழர் காலச் செப்புச் சிலைகளில் எலும்பு தெரிய, மார்பு வற்றி, கையில் தாளத்தோடு உட்கார்ந்து சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்பை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கேட்டது கிடைத்தவரின் சிரிப்பு அது.

இரண்டு பேருமே அழகைத் தாமாக உதறினார்கள். யாரும் அவர்களிடமிருந்து பிடுங்கவில்லை. என் அத்தைக்கு நான் சொன்னது இதுதான்: "நீங்க வேண்டாம்னு விட்டா நீங்க ஔவை. ஊர் வேண்டாம்னு சொல்லி விட்டா, அது வேற."

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கம் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை மாவட்டங்களில் பாம்படமும் தண்டட்டியும் போட்ட ஆச்சிகளை நான் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுபிள்ளையில் காது குத்தி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, தோளைத் தொடும்வரை காது வளர்ப்பார்கள். அந்தக் காதும் அந்தத் தங்கமும் கிழவிகளின் அழகு. வயல் வேலைக்குப் போகும்போதும் கழற்ற மாட்டார்கள். பிறகு காலம் மாறியது. இளையவர்களுக்கு அது நாகரிகமில்லை என்று பட்டது. பல ஆச்சிகள் தொங்கிய காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். நம் பண்பாட்டில் வயதான பெண்ணுக்கு அலங்காரமே கிடையாது என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தக் காதுகள்தான் நினைவுக்கு வரும்.

கணவர் இறந்துவிட்டார். பொட்டு, பூ, கொஞ்சம் பவுடர் – வைத்துக்கொள்ளலாமா?

இதைக் கேட்டவர்கள் யாரும் நேராகக் கேட்கவில்லை. "கருப்பு ஸ்டிக்கர் இருக்கா, சின்னதா?" என்று கேட்பார்கள். சிவப்பிலிருந்து கருப்புக்கும், பெரியதிலிருந்து கடுகளவுக்கும் இறங்கி வருவது எதற்காக என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பெண்ணின் அலங்காரத்தைக் கணவனோடு முடிச்சுப்போடுவது மிகப் பழைய வழக்கம். கோவலன் உயிரோடு மாதவி வீட்டில் இருந்த நாளிலேயே கண்ணகி கண்ணுக்கு மையும் நெற்றிக்குத் திலகமும் இல்லாமல் இருந்தாள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இவ்வளவு பழைய கட்டு ஒரே நாளில் அவிழாது. ஆனாலும் அவிழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமத்தின் ஊராட்சி, கணவன் இறந்தால் வளையல் உடைப்பதும் குங்குமம் அழிப்பதும் இனி இந்த ஊரில் கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்த மாநில அரசும் மற்ற ஊராட்சிகளை அதைப் பின்பற்றச் சொன்னது.

நம் ஊரில் தீர்மானம் இல்லாமலே பல வீடுகளில் மகள்களும் மருமகள்களும் இதைச் செய்திருக்கிறார்கள். என்னிடம் வரும் ஓர் அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று அவர் மருமகளே பொட்டு வைத்துவிட்டாளாம். "பிறந்த குழந்தையில உங்கம்மா வச்ச பொட்டு அத்தை இது. மாமா கொண்டு வந்தது இல்ல." அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே மனம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். துக்கம் உங்களுடையது, அதற்குக் கெடு வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

முன்பு அழகாகப் படிந்த பவுடர் இப்போது திட்டுத் திட்டாக வெள்ளையடித்த மாதிரி நிற்கிறதே, ஏன்?

பவுடர் மாறவில்லை, தோல் மாறியிருக்கிறது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு குறைகிறது. அதோடு தோலின் எண்ணெய்ப்பசையும் குறைகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன், மாதவிலக்கு நின்ற முதல் 5 ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை குறையலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தோல் மெலிந்து, வறண்டு, கோடு விழுகிறது. முப்பது வயதில் முகத்தில் எண்ணெய் வழிந்தது, குட்டிகூரா டப்பாவைக் கவிழ்த்தாலும் அது வாங்கிக்கொண்டது. இப்போது அந்தப் பவுடர் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு காரணத்தை யாரும் யோசிப்பதில்லை: வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குகிறது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பவுடர் போடுகிறோம். போட்டது போதவில்லை என்று தோன்றுகிறது, இன்னும் கொஞ்சம் போடுகிறோம். என் கடையில் இதற்காகவே பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டில் அது இல்லாவிட்டால் ஜன்னலுக்கு எதிரே நின்று, பகல் வெளிச்சம் முகத்தில் விழும்படி பாருங்கள். குளியலறை டியூப் லைட்டை நம்ப வேண்டாம்.

போடும் முறை இதுதான். முகம் கழுவி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். பத்து நிமிஷம் விடுங்கள், அந்த நேரத்தில் தலை வாரிக்கொள்ளலாம். வெளியே போவதானால் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 என்று போட்ட சன்ஸ்க்ரீன். ஃபவுண்டேஷன் வேண்டுமானால் பட்டாணி அளவு எடுத்து விரலால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். தாடையில் போட்டுப் பார்த்து, கழுத்து நிறத்தோடு எது கலந்து காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. கடைப்பெண்கள் பழக்கத்தில் ஒரு ஷேடு வெளுப்பாகத்தான் எடுத்துத் தருவார்கள், வாங்காதீர்கள். பவுடரை மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் லேசாக ஒற்றினால் போதும். கண்ணுக்குக் கீழே பவுடரே வேண்டாம். லிப்ஸ்டிக் உதட்டுக் கோடுகளில் ஒழுகினால், அதே நிறப் பென்சிலால் முதலில் ஓரம் வரைந்துகொள்ளுங்கள். பளபளப்பில்லாத மேட் வகை உதட்டை இன்னும் உலர்த்திக் காட்டும். க்ரீம் வகைதான் நமக்கு ஏற்றது.

கண் மை இடுவதை விட மனமில்லை. இடலாமா?

எனக்கும்தான் மனமில்லை. ஐடெக்ஸ் டப்பியில் சுண்டுவிரலைத் தொட்டு இழுத்த கை இது. என் பாட்டி கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படிந்த கரியை வழித்து மை செய்வார். அந்த மணம் இன்னும் நினைவிருக்கிறது.

வயதானபின் கண்ணீர் குறைந்து கண் உலரும். இமை விளிம்பில் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. இமையின் உள்விளிம்பில் அழுத்தி இடும் மை, அதிலும் வாட்டர்ப்ரூஃப் வகை, அவற்றின் வாயை அடைக்கும். அதனால் இமைமுடிக்கு வெளிப்பக்கம் இடுங்கள், இரவில் துடைத்துவிட்டுப் படுங்கள். திறந்த மையை ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், யாருடனும் பகிராதீர்கள். கீழிமையில் தடித்த கோடு கண்ணைச் சோர்வாகக் காட்டும். மேலிமையில் மெல்லிய கோடு இட்டால் கண் திறந்து தெரியும். கண்புரை அறுவைக்கு நாள் குறித்துவிட்டால் மையை நிறுத்திவிடுங்கள். மறுபடி எப்போது இடலாம் என்பதை உங்கள் கண் மருத்துவர் சொல்லட்டும். சுர்மா என்று விற்கும் பொடியில் ஈயம் இருக்கக்கூடும். அதைத் தொடவே வேண்டாம்.

இருபது வருஷமாக அதே டைதான் அடிக்கிறேன். திடீரென்று அரிக்கிறதே?

அப்படித்தான் வரும். கருப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா ஃபினிலின் டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. பாக்கெட்டில் பி.பி.டி. என்றும் போட்டிருக்கும். உடம்பு அதைப் பல வருஷம் பொறுத்துக்கொண்டு ஒரு நாள் மறுத்துவிடலாம். அரிப்பு, காதோரம் நீர் வடிதல், காலையில் எழுந்தால் இமை வீங்கி மூடியிருப்பது, இதெல்லாம் அந்த மறுப்புதான். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை இன்னும் பலமாக வரும். "கொஞ்ச நாள் விட்டுட்டு மறுபடி அடிக்கலாம்" என்று நினைக்கவே நினைக்காதீர்கள். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எந்த டையாக இருந்தாலும், பழக்கமானதாகவே இருந்தாலும், காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அளவு தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைக்க வேண்டும். நான் இதைச் சொன்னால் "நாளைக்குக் கல்யாணம் அக்கா" என்பார்கள். கல்யாணத்துக்கு முகம் வீங்கிப் போனவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

"ஹெர்பல்", "கருப்பு மருதாணி" என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மருதாணி தனியாகக் கருப்பைத் தராது, செம்பழுப்பைத்தான் தரும். அரைமணியில் கருகருவென்று வந்தால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. அசல் இலைகளிலேயே கருமை வேண்டுமென்றால் முதலில் மருதாணி, கழுவியபின் அவுரி. இரண்டு வேளை வேலைதான், ஆனால் அவுரி நம் திண்டிவனம் பக்கமே விளைகிறது. அதையும் முதலில் காதோரம் தடவிப் பாருங்கள், இலைக்கும் ஒவ்வாமை வருபவர்கள் உண்டு.

டையை நிறுத்திவிட நினைக்கிறேன். அந்த இரண்டு நிறக் காலத்தை எப்படிக் கடப்பது?

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். அதனால் நீளமான கூந்தலில் ஒரு வருஷத்துக்கு மேலே கோடு தெரியும். தோள்வரை வெட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன், 58 வயதில். முதல் நாலு மாதம் பார்ப்பவர்களெல்லாம் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்கள். பிறகு நின்றுவிட்டது. நரைக்கு வெளுத்த சந்தன நிறப் புடவை முகத்தை வாடிக் காட்டும். மயில் நீலம், அரக்கு, இலைப்பச்சை கட்டிப் பாருங்கள்.

கொண்டை சிறுத்துவிட்டதே என்று கனமான சவுரி வைத்து இறுக்காதீர்கள். முன்நெற்றி முடி வேரோடு போய்விடும்.

பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாகிவிட்டது. இது தொற்றுமா?

தொற்றாது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருள் இருந்தால், அது சிலருக்கு அந்த இடத்தின் நிறமி அணுக்களைக் கெடுத்துவிடும். முதலில் அரிப்பும் சிவப்பும், பிறகு வெண்புள்ளி. அன்றே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் நிறுத்தினால் பலருக்கு நிறம் திரும்புகிறது. அந்த வெள்ளையை மறைக்க அதன் மேலேயே இன்னும் பெரிய ஸ்டிக்கர் ஒட்டுவதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். அதனால்தான் வெள்ளை பரவுகிறது.

குங்குமத்துக்கு மாறலாம். ஆனால் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய குங்குமம் வேறு, சாயம் கலந்த ரத்தச் சிவப்புக் குங்குமம் வேறு. ஈர விரலில் தொட்டுக் கழுவினால் நாளெல்லாம் போகாத சிவப்பை நெற்றியில் வைக்காதீர்கள்.

பேத்தி கல்யாணத்துக்குள் முகம் வெளுக்க ஒரு க்ரீம் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். இதில் மட்டும் நான் கண்டிப்பு.

பத்து நாளில் வெளுக்க வைக்கும் க்ரீம்களில் இரண்டு விஷயங்களில் ஒன்று இருக்கக்கூடும். ஒன்று பாதரசம். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் மருத்துவர்கள், முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சிறுநீரில் புரதம் போவதைக் கண்டுபிடித்தார்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்துக்குப் போகிறது. இன்னொன்று ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு மருத்துவர் சில நாளுக்கு எழுதித் தரும் மருந்து அது. 2018-இல் மத்திய அரசு அதை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் "நைட் க்ரீம்" என்ற பெயரில் புழங்குகிறது. ஏற்கெனவே மெலிந்த நம் தோலை அது வெங்காயச் சருகு மாதிரி ஆக்கிவிடும். ரத்தநாளம் வெளியே தெரியும், முடி முளைக்கும், நிறுத்தினால் முன்னைவிடக் கறுக்கும்.

கன்னத்தில் மங்கு இருந்தால் அதற்குச் சன்ஸ்க்ரீனும், மருத்துவர் சொல்லும் பூச்சும், பல மாதப் பொறுமையும் வேண்டும். அறுபது வருஷம் உங்களோடு வாழ்ந்த நிறத்தை ஒரு கல்யாணத்துக்காக மாற்ற வேண்டாம் அம்மா. போட்டோவில் உங்கள் பக்கத்தில் நிற்கும் பேத்திக்கும் அந்த நிறம்தான் வந்திருக்கும்.

கழுத்து கறுத்துத் தடிக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை. வெல்வெட் துணி மாதிரி கறுத்திருந்தால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். என் கடைக்கு ஃபேஷியலுக்கு வந்து, நான் சொல்லி ரத்தப் பரிசோதனைக்குப் போய், சர்க்கரை இருப்பதைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

மோவாயில் முளைக்கும் முடியை எடுத்தால் அடர்த்தியாகுமா?

ஆகாது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இந்த வயதில் பலருக்கும் வருவதுதான். திரெடிங், சின்னக் கத்தரி, எதுவும் செய்யலாம். திடீரென்று நிறைய முளைத்தாலோ குரல் கரகரத்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

மகன் கல்யாணத்தில் மேக்கப் போட்டார்கள். ஆல்பத்தில் யாரோ போல இருக்கிறேன்.

மணப்பெண்ணுக்குப் போடும் அதே கனத்தில் அம்மாவுக்கும் போட்டால் இப்படித்தான் ஆகும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே இது புரிய நாளாயிற்று. முன்பணம் கொடுக்கும்போதே ஒருநாள் ஒத்திகை கேளுங்கள், அதைப் பகலில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். "கோடு தெரியட்டும், களைப்பு மட்டும் மறையட்டும்" என்று சொல்லுங்கள். நல்ல கைக்காரருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. மகள்தான் "ஃப்ரெஷ்ஷா இரும்மா" என்று நச்சரிக்கிறாள்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். பூசாதே என்பது எப்படிக் கட்டாயமோ, பூசு என்பதும் அப்படியே கட்டாயம்தான். சன்ஸ்க்ரீன் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், அது உடம்புக்கு.

ஆபரேஷனுக்கு நகப்பூச்சை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அடர்ந்த நிறப் பூச்சு வழியே தவறாகக் காட்டக்கூடும். நகத்தின் நிறத்தைக் கண்ணால் பார்ப்பதும் முக்கியம்.

அம்மாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. அவருக்கு இன்னமும் பொட்டு, பவுடர் வைத்துவிடலாமா?

வைத்துவிடுங்கள். என் அம்மாவின் கடைசி இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தது. என் பெயர் மறந்துவிட்டது, சாப்பிட்டது மறந்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, வாசலில் உட்கார வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, மூக்கில் குழாயோடு நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஊசி போட வந்த நர்ஸ்தான் முதலில் புரிந்துகொண்டு, தன் கைப்பையிலிருந்து ஒரு பொட்டு எடுத்துக் கொடுத்தார்.

பவுடர் மூச்சில் போய்விடும், அதனால் டப்பாவை அவர் கையில் கொடுக்காமல், தள்ளி நின்று உங்கள் கையில் கொட்டி, அதிகமானதைத் தட்டிவிட்டுப் பூசுங்கள். முகத்துக்கு நேரே பின்னாலிருந்து கை நீட்டினால் பயப்படுவார். முன்னால் வந்து, அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து, பொட்டை முதலில் காட்டுங்கள். கண்ணாடியில் தெரிவது யாரென்று தெரியாமல் சிலர் மிரளுவார்கள், அப்படியானால் கண்ணாடி வேண்டாம். இரண்டு நிறத்தில் பொட்டு நீட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். என் அம்மா ஒவ்வொரு நாளும் மெரூனைத்தான் தொட்டார்.